குடிச்சவன்தானே செத்தான்

2023 மே மாதம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், விழுப்புரம் போகிற பஸ்ஸில், கல்யாண மண்டபப் பந்தியில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்று எங்கே திரும்பினாலும் ஒரே வாக்கியம்: "குடிச்சவன்தானே செத்தான், அவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?" சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ரிட்டயர்டு வாத்தியார், மெடிக்கல் ஷாப் அண்ணன், தினமும் தெருநாய்க்கு பிஸ்கட் போடுகிற பக்கத்து வீட்டு அக்கா. ஒரு வருஷம் கழித்து, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் வரிசையாகச் சாவு விழுந்தபோதும் அதே வாக்கியம் கொஞ்சமும் மாறாமல் திரும்பி வந்தது. இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். மே 13, சனிக்கிழமை. மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பம் என்கிற மீனவர் குப்பம். அங்கே சாராயம் வாங்கிக் குடித்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். புதுச்சேரிக்கும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் ஆம்புலன்ஸ் ஓடியது. விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 பேர் செத்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் பக்கமும் சாவு. மாவட்ட எஸ்.பி. சஸ்பெண்ட் ஆனார். அவர்கள் குடித்தது சாராயமே இல்லை, தொழிற்சாலையில் பயன்படுத்துகிற மெத்தனால் என்று அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு அறிவித்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நாம் 'குடி' என்று சொல்வது எத்தனால். மெத்தனால் வேறு பொருள். பெயிண்ட், வார்னிஷ் வேலைக்கு ஆகிற கரைப்பான். வாசனையையும் போதையையும் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. உள்ளே போன மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் ரத்தத்தைக் கெடுக்கிறது, கண் நரம்பைத் தின்கிறது. ஆக, எக்கியார்குப்பத்தில் செத்தவன் குடித்ததனால் சாகவில்லை. குடிக்கிற பொருள் என்று சொல்லி ஒருவன் விற்ற விஷத்தால் செத்தான். அதே 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் இறந்தாள். "சாப்பிட்டவதானே செத்தா" என்றா ஊர் பேசியது? கடைக்குச் சீல் வை என்றோம், கடைக்காரனைப் பிடி என்றோம், அது நியாயம். சாராயம் என்றவுடன் விற்றவன் எங்கே போனான்? வாக்கியத்திலேயே அவன் இல்லை பாருங்கள். 'குடிச்சவன்', 'செத்தான்', இரண்டுக்கும் எழுவாய் ஒரே ஆள்.

இந்த எழுவாய் மாற்றம் எப்படி நடக்கிறது என்று மெல்வின் லெர்னர் என்கிற அமெரிக்க உளவியலாளர் அறுபதுகளிலேயே கிண்டிப் பார்த்திருக்கிறார். 1966-இல் அவரும் கரோலின் சிம்மன்ஸும் வெளியிட்ட சோதனை ரொம்பப் பிரபலம். கல்லூரி மாணவிகளை உட்காரவைத்து, இன்னொரு பெண் தப்பான பதில் சொல்லும்போதெல்லாம் கரண்ட் ஷாக் வாங்குவதைப் பார்க்கச் சொன்னார்கள். (ஷாக் நிஜமில்லை, நடிப்பு. பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது.) ஷாக்கை நிறுத்தும் வாய்ப்பு கிடைத்தவர்கள் நிறுத்தினார்கள். அவர்களுக்கு அந்தப் பெண்மீது மரியாதை குறையவில்லை. நிறுத்த வழியில்லை, வேதனை தொடரும் என்று தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவளைப் பற்றித் தாழ்வாக மதிப்பெண் போட்டார்கள். இன்னொரு குழுவிடம், மற்றவர்களுக்காகத்தான் அவள் இந்த வலியைத் தாங்க ஒப்புக்கொண்டாள் என்று சொல்லப்பட்டது. அவளைத்தான் எல்லோரையும்விடக் கேவலமாக மதிப்பிட்டார்கள்.

லெர்னர் இதற்கு நியாய உலக நம்பிக்கை என்று பெயர் வைத்தார். உலகத்தில் அவனவனுக்குத் தகுந்ததுதான் கிடைக்கிறது என்று நம்பினால்தான் காலையில் எழுந்து வேலைக்குப் போக முடிகிறது. அந்த நம்பிக்கையில் ஓட்டை விழுந்தால் இரண்டு வழி. ஒன்று, அநியாயத்தைச் சரிசெய்வது. அதற்கு வழியில்லை என்றால், அடிபட்டவனைச் சரிசெய்துவிடுவது. அவன் அதற்குத் தகுந்தவன்தான் என்று ஆக்கிவிடுவது. இரண்டாவதுக்குச் செலவே கிடையாது.

நம்ம ஊரில் இதற்கு லெர்னர்கூட வேண்டாம், பழமொழியே இருக்கிறது. உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும். மரக்காணம் உப்பளத்து ஊர் என்பதை நினைத்தால் இந்தப் பழமொழி கொஞ்சம் கரிக்கிறது. வெயிலில் உப்பு வாருகிறவன் ஒருத்தன், தின்கிறவன் இன்னொருத்தன்.

ஆகவே டீக்கடை வாத்தியார் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது செத்தவனைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். 'நான் குடிக்கிறதில்ல, என் பையன் குடிக்கிறதில்ல, அதனால இது என் வீட்டுக்கு வராது' என்று தனக்குத்தானே தாயத்துக் கட்டிக்கொள்கிறார். பயத்துக்கு மருந்து சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த மருந்தின் விலையை இன்னொரு வீடு கொடுக்கிறது என்பதுதான் ஆட்சேபம்.

எப்படி என்று சொல்கிறேன். மெத்தனால் உடனே காட்டிக்கொடுக்காது. பாதிப்பு தெரியவே பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள்கூட ஆகலாம். முதலில் வயிற்று வலி, வாந்தி, தலைவலி. அப்புறம் கண்முன்னே புகை. சிகிச்சை இருக்கிறது. மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்க ஃபோமிபிசோல், அது இல்லையென்றால் எத்தனாலேகூட மருந்தாகப் பயன்படும்; ரத்தத்தைச் சுத்திகரிக்க டயாலிசிஸ். ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. இந்தச் சிகிச்சை சீக்கிரம் தொடங்க வேண்டுமென்றால் நோயாளியோ அவன் பெண்டாட்டியோ டாக்டரிடம் முதல் வாக்கியமாக "சாராயம் குடிச்சார்" என்று சொல்ல வேண்டும். எந்த ஊரில் சொல்ல வேண்டும்? குடிச்சவன்தானே என்று இளிக்கிற ஊரில். போலீஸ் கேஸாகும் என்ற பயம் ஒரு பக்கம், நாலு பேர் காறித் துப்புவார்கள் என்ற கூச்சம் ஒரு பக்கம். "நைட்டு சாப்பிட்டது ஒத்துக்கல சார்" என்று சொல்லிவிடுவதுதான் மனித சுபாவம். அந்தப் பொய்யில் போகிற நாலு மணி நேரத்தில் கண் போகும், உயிர் போகும். நம்முடைய ஒழுக்கப் பேச்சும் அந்த நாலு மணி நேரத்தில் பங்காளிதான்.

கள்ளக்குறிச்சியில் முதல் சாவுகளின்போது மாவட்ட நிர்வாகமே கள்ளச்சாராயம் காரணமில்லை என்றது. துக்கத்துக்கு வந்தவர்களும் குடித்து விழுந்தார்கள் என்று செய்திகள் வந்தன. அறுபதுக்கும் மேல் சாவு. பெண்களும் அதில் உண்டு. கருணாபுரம் கூலி வேலைக்குப் போகிற தலித் மக்கள் நிறைய வாழும் இடம். அந்தத் தகவல் நம் வாக்கியத்தின் வேகத்தைக் கூட்டியதா குறைத்ததா என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

இப்போது எதிர்த்தரப்புக்கு வருவோம். அவர்களிடம் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. பட்டாசு ஆலை வெடித்துச் செத்தால் 3 லட்சம், சாராயம் குடித்துச் செத்தால் 10 லட்சமா? 2023-இல் விருதுநகர்ப் பக்கத்து வெடிவிபத்துகளுக்கு அரசு அறிவித்த தொகை 3 லட்சம்தான். வேலைக்குப் போய்ச் செத்தவளுக்கு 3, சரக்கடிக்கப் போனவனுக்கு 10. கேட்டால் யாருக்கும் வயிறு எரியும். எனக்கும் எரிகிறது. ஆனால் இந்த எரிச்சல் எந்தப் பக்கம் பாய்கிறது என்று கவனியுங்கள். 'அந்த 3-ஐப் பத்தாக்கு' என்று ஒருத்தர்கூட எனக்கு ஃபார்வர்டு அனுப்பவில்லை. வந்ததெல்லாம் 'அந்தப் பத்தைப் பிடுங்கு' என்றுதான். பட்டாசுத் தொழிலாளியின் மேல் இருக்கும் அக்கறை என்றால் அது மேல்நோக்கித்தானே பாய வேண்டும்? சிவகாசிக்காரிக்காக இவர்கள் அதற்கு முந்தின நாள் அழுததாக எனக்கு நினைவில்லை. அவள் இந்த வாதத்துக்குள் வாடகைக்கு அழைத்துவரப்பட்டவள்.

இன்னொன்று, "என் வரிப்பணம்." இதைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வரும். 2003-லிருந்து சில்லறை மதுவிற்பனை முழுக்க அரசின் டாஸ்மாக் கையில். 2023-24-இல் மட்டும் அதன்வழியாக அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடிக்கு மேல். அந்தக் குப்பத்து ஆள் பல வருஷமாக டாஸ்மாக்கிலும் காசு கட்டியவன்தான். குவாட்டருக்கு நூற்றுச் சொச்சம் கொடுக்க முடியாத நாளில், கடை திறக்கிற மதியம் 12 மணி வரைக்கும் உடம்பு தாங்காத நாளில், அதில் பாதி விலைக்குக் கிடைக்கிற பாக்கெட்டைத் தேடிப் போனான். நம் வீட்டு மிக்ஸிக்கும் பஸ் பாஸுக்கும் அவன் கட்டிய பங்கு உண்டு. வரிப்பணத்தைப் பற்றி யார் யாரிடம் கேட்பது?

"காசு கொடுத்தால் குடியை ஊக்குவிக்கிற மாதிரி ஆகாதா?" பத்து லட்சம் வரும் என்று கணக்குப் போட்டு மெத்தனால் குடிக்கிற ஒருத்தனைக் காட்டுங்கள், இந்தக் கட்டுரையை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பணம் போனது செத்தவனுக்கு இல்லை. அவனிடம் அடிவாங்கி, அவன் குடித்தது போக மிச்சத்தில் சோறு பொங்கின பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும். கள்ளக்குறிச்சியில் அப்பா அம்மா இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்தக் குழந்தை எதைக் குடித்தது?

இதற்கெல்லாம் பின்னால் அரசியல் கணக்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 2024 ஜூலை 10-இல் விக்கிரவாண்டி இடைத்தேர்தல் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். கொடுத்தவன் மனசு சுத்தமா என்பது வேறு விசாரணை. வாங்கினவளின் பசி நிஜம்.

இதைப் படிக்கிற உங்களிடமும் எனக்கு ஒரு தகராறு இருக்கிறது. உங்களுக்கு உளவியல் தெரியும். டாக்ஸிக், ட்ராமா, ட்ரிகர், பௌண்டரி எல்லாம் தினசரிப் பேச்சில் புழங்குகிறது. ஒரு பிரேக்கப்புக்குப் பிறகு மூன்று மாதம் குடித்தால் அதற்குக் காரணங்களைக் குழந்தைப் பருவம் வரைக்கும் தோண்டுகிறோம். எழுத்தாளன் குடித்தால் கலகம் என்கிறோம், செத்தால் அஞ்சலிக் கட்டுரை எழுதுகிறோம். வலையிழுத்துத் தோள் செத்துப்போனவன் ஒரு பாக்கெட் போட்டால் மட்டும் அது ஒழுக்கக்கேடு. நமக்கு வந்தா ட்ராமா, அவனுக்கு வந்தா திமிர். அடுத்தவன் தப்புக்குச் சூழ்நிலையைப் பார்க்காமல் அவன் குணத்தையே காரணம் சொல்லும் இந்த வழக்கத்துக்குப் பாடப் புத்தகத்தில் பெயர்கூட இருக்கிறது. 1977-இல் லீ ராஸ் அதை அடிப்படைக் காரணப்பிழை என்று எழுதினார். ரீல்ஸில் அதைப் பற்றி விளக்கம் பார்த்து லைக் போட்டவர்கள்தான் கமெண்டில் 'குடிகாரப் பசங்க' என்று எழுதினார்கள்.

அடி நமக்கு விழும்போது இந்தத் தர்க்கம் எப்படி இருக்கும் என்று விழுப்புரம் ஒருமுறை ருசி பார்த்தது. 2024 ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. அப்போது வெளியூர் நண்பர் ஒருவர் சாவகாசமாகக் கேட்டார்: "ஆத்தோரமா ஏன் வீடு கட்டுறீங்க?" பாட்டன் காலத்து வீடு, கழுத்து வரைக்கும் சேறு. என் மச்சான் அந்தக் கேள்வியைக் கேட்டுப் போனையே விட்டெறிந்தான். 2023-இல் 'குடிச்சவன்தானே' என்று சொன்ன மச்சான்தான்.

2025 செப்டம்பர் 27-இல் கரூர் கூட்ட நெரிசலில் 41 பேர் செத்தபோதும் இதே கதை. "கைக்குழந்தையை ஏன் தூக்கிட்டுப் போனா?" அதற்கு முந்தின வருஷம் விக்கிரவாண்டி மாநாட்டுக்கு எங்கள் தெருவிலிருந்தே வண்டி கட்டிப் போனார்கள். அன்றைக்கு அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை. சாவு விழுந்தால்தான் இந்தக் கேள்வி பிறக்கிறது. கூட்டத்துக்குப் போகிற பழக்கம் தப்பென்றால் பத்திரமாகத் திரும்பி வந்தவளிடமும் கேட்டிருக்க வேண்டுமே.

கள்ளக்குறிச்சிச் சமயம் சித்தப்பா வீட்டில் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சரி, எவ்ளோ குடுக்கலாம்னு சொல்ற?" என்றார்.

"பட்டாசு ஆலைல செத்தவங்களுக்கும் பத்து குடுக்கட்டும் சித்தப்பா."

"அவ்ளோ காசுக்கு எங்கடா போவான் கவர்மெண்ட்டு?"

"டாஸ்மாக்லதான் இருக்கே."

சித்தி உள்ளே இருந்து, "முதல்ல அந்தப் பொம்பளைங்க பேருலயே பேங்க்ல போடுறானா கேளு, மாமனார் மச்சான்னு நடுவுல நாலு பேரு வருவான்" என்றாள். பணம் யார் கணக்கில் விழுகிறது என்பதைப் பற்றி அதுவரை எங்களில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.