ஜீப்பின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா?



போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்புகள் ஏறி இறங்குகின்றன. அமெரிக்க ராணுவத்துக்காக 1941-இல் வில்லீஸ் நிறுவனம் பெருமளவில் செய்யத் தொடங்கிய வண்டியின் வழிவந்தவை இவை. 1947 முதல் பம்பாயில் மஹிந்திரா நிறுவனம் பாகங்களை இணைத்து இவற்றை நம் நாட்டுச் சாலைகளுக்குக் கொண்டுவந்தது. மலைப்பாதையில் ஓடும் ஜீப்புகளில் பல, உங்களைவிட வயதில் மூத்தவை.

ஏற்றத்தில் இத்தகைய பழைய வண்டி கொதித்து நின்றுவிட்டால், ஓட்டுநருக்கு உடனே கிடைக்கும் யோசனை ஒன்று உண்டு. “தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடு. அது குளிர் நாட்டுக்காரன் வைத்தது. நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு?” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த யோசனை தவறானது என்பது என் கருத்து. அதை நிலைநாட்ட உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள வெப்பவியலே போதும்.

வெப்பம் எங்கே போகிறது?

எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மீதிப் பங்கு சிலிண்டரின் சுவர்களைச் சூடாக்குகிறது. அந்த வெப்பத்தை அகற்றாவிட்டால் எண்ணெய் கருகும்; பிஸ்டன் சிக்கி நிற்கும். ஆகவே சிலிண்டரைச் சுற்றிலும் நீர் ஓடுகிறது. பம்பு அந்த நீரை ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் ஓடும் நீரின் வெப்பத்தைக் காற்று வாங்கிக்கொள்கிறது.

எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் வழியில் ஒரு சிறு கதவு இருக்கிறது. அதுதான் தெர்மோஸ்டாட். அதனுள் ஒரு சிறு உலோகக் குப்பியில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். நீர் 82 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறியதும் மெழுகு உருகும். உருகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு பெருகும். அந்த விசை ஒரு சிறு தண்டைத் தள்ளி, கதவைத் திறக்கும். சூடு தணிந்தால் மெழுகு சுருங்கும். சுருள்வில் கதவை மூடிவிடும். இதற்கு மின்சாரம் தேவையில்லை. மனிதக் கையும் தேவையில்லை. வேறு சில தெர்மோஸ்டாட்டுகள் 88 டிகிரியில் திறக்கும்படி செய்யப்பட்டிருக்கும்.

நம் கோடையும் எஞ்சினுக்குக் குளிரே

இப்போது அந்த “குளிர் நாட்டு” வாதத்துக்கு வருவோம். தேனி மாவட்டத்தில் ஒரு கோடைப் பகல். காற்றின் வெப்பநிலை 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது கொடிய வெயில். ஆனால் எஞ்சின் நன்றாக வேலை செய்ய விரும்புவது 85 டிகிரி அளவில். நம் கோடைக் காற்றும் அதைவிட 45 டிகிரி குளிர்ந்தே இருக்கிறது! எஞ்சினின் கண் கொண்டு பார்த்தால் பூமியில் வெப்ப நாடு என்று ஒன்றே கிடையாது. எனவே வண்டியைக் கிளப்பியதும் எஞ்சினை விரைவாகச் சூடாக்கி, அந்தச் சூட்டில் நிறுத்தி வைக்கும் கருவி இங்கேயும் தேவை.

அப்படியானால் நம் வெயில் ஒரு பொருட்டே இல்லையா? நிச்சயம் உண்டு; ஆனால் அதன் விளைவு வேறு இடத்தில். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், நீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. காற்று 5 டிகிரியில் உள்ள ஊரில் அந்த வேறுபாடு 80. நம் ஊரில் 45. அதே ரேடியேட்டர் இங்கே பாதிக்குச் சற்று மேலான வேலையைத்தான் செய்யும். ஆக, வெயில் சோதிப்பது ரேடியேட்டரை, தெர்மோஸ்டாட்டை அல்ல. எஞ்சின் எந்த அளவுக்குக் கீழே குளிரக்கூடாது என்பதைத் தெர்மோஸ்டாட் தீர்மானிக்கிறது. எந்த அளவுக்கு மேலே சூடேறாது என்பதை ரேடியேட்டரும் விசிறியும் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதே தவறின் வேர்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வண்டி 100 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிறபோது, நல்ல தெர்மோஸ்டாட் முழுவதும் திறந்துதான் இருக்கும். ஏற்கெனவே திறந்து கிடக்கும் கதவைக் கழற்றி எறிவதால் என்ன பெரிய லாபம்? கதவு திறக்காமல் சிக்கியிருந்தால், அது பழுதான கதவு. புதிது மாற்றுவதே முறை.

கழற்றினால் என்ன ஆகும்?

1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. அதில் ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். எஞ்சின் சூடாக இருந்தால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். குளிர்ந்த எஞ்சினில் நீராகி, எண்ணெயுடன் கலந்து சேறாகும். எண்ணெயும் கெட்டியாக இருக்கும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். சிலிண்டர் விரைவில் தேயும். மலையிலிருந்து நீண்ட இறக்கத்தில், அதுவும் விடியற்காலைக் குளிரில், எஞ்சின் அதிகம் எரிப்பதே இல்லை. கதவு இல்லாத வண்டி அப்போது சில்லிட்டுப் போகும்.

சில எஞ்சின்களில் வேறொரு கேடும் உண்டு. நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவர ஒரு குறுக்குவழி இருக்கும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்தக் குறுக்குவழியை மூடிவிடும். அதைக் கழற்றிவிட்டால் குறுக்குவழி என்றும் திறந்தே கிடக்கும். சூடான நீரில் ஒரு பகுதி ஆறாமலே திரும்பும். கொதிப்பை நிறுத்தச் செய்த காரியம் கொதிப்பை வளர்க்கும்.

கழற்றக்கூடாது என்பவர்களில் சிலர், “நீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் ஆற நேரம் இராது” என்று காரணம் சொல்வார்கள். முடிவு சரி, காரணம் தவறு. வேகமாக ஓடும் நீர் ஒவ்வொரு சுற்றிலும் குறைவாக ஆறும் என்பது உண்மை. ஆனால் அதே நேரத்தில் அதிகச் சுற்றுகள் வருகிறதே! நல்ல முடிவுக்கும் சரியான காரணம் தேவை. இல்லாவிட்டால் அடுத்த முறை அதே காரணம் நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும்.

மெக்கானிக்கின் அச்சம்

இத்தனையும் தெரியாமலா மெக்கானிக் அதைக் கழற்றுகிறார்? அவர் அச்சத்திலும் பொருள் இருக்கிறது. தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால், சிறிது நேரத்தில் எஞ்சினின் தலைப்பகுதி வளைந்துவிடும். உதிரிபாகக் கடை மலையடிவாரத்தில், வண்டியோ காட்டுக்குள். அந்த வண்டிதான் ஒரு குடும்பத்தின் பிழைப்பு. ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து கழற்றுவதல்ல, சோதிப்பது. தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, வெப்பமானியுடன் ஒரு பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்கினால், அது எத்தனை டிகிரியில் திறக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். பட்டறையில் கேட்டு ஒரு பழைய தெர்மோஸ்டாட் வாங்கி, ஆசிரியர் முன்னிலையில் பள்ளி ஆய்வகத்தில் நீங்களே இதைச் செய்து பாருங்கள்.

எதை மாற்றலாம்?

மலையேறும் ஜீப்பின் சிக்கல் தனி வகையானது. முதல் கியரில் எஞ்சின் முழு மூச்சுடன் உழைக்கும். வண்டியோ ஆள் நடக்கும் வேகத்தில் நகரும். எதிர்க்காற்றின் உதவி கிடைக்காது. எல்லாக் காற்றையும் விசிறியே இழுக்க வேண்டும். ஆகவே முதலில் விசிறியின் பெல்ட்டைப் பாருங்கள். விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய தகட்டுக் கூண்டு பல பழைய வண்டிகளில் காணாமல் போயிருக்கும். அது இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டரின் ஒரு பகுதி வழியாக மட்டுமே காற்றை இழுக்கும்.

அடுத்தது, உள்ளே படியும் உப்பு. ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரை ஊற்றி ஊற்றி, குழாய்களில் சுண்ணாம்பு படியும். அதன் வெப்பக் கடத்துதிறன் செம்பினுடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. காய்ச்சி வடித்த நீருடன் குளிர்விப்புத் திரவத்தைக் கலந்து ஊற்றினால் துருவும் குறையும், கொதிநிலையும் உயரும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வண்டி கொதித்தால், பெரிய ரேடியேட்டர் பொருத்துவதே நேர்மையான மாற்றம். தெர்மோஸ்டாட்டில் மாற்றம் செய்தே தீரவேண்டுமென்றால், அதன் விளிம்பில் சுமார் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு துளை இடலாம். நீர் நிரப்பும்போது உள்ளே சிக்கும் காற்று அதன் வழியே வெளியேறும்.

ரேடியேட்டரின் அழுத்த மூடியையும் மறக்கக்கூடாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் ஏறினால் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி குறையும். மலை உச்சியில் மூடி நைந்து போயிருந்தால் வண்டி விரைவில் கொதிக்கும். ஆனால் சூடாக இருக்கும்போது அந்த மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் 110 டிகிரியில் இருக்கும் 10 லிட்டர் நீர், மூடி திறந்ததும் ஏறத்தாழ 300 லிட்டர் நீராவியைக் கக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கை தானாகவே பின்வாங்கும்.

பழைய வண்டியில் மாற்றம் செய்வது தவறே அல்ல. ஆனால் ஓர் உறுப்பைக் கழற்றும் முன், அதை அங்கே வைத்தவர் என்ன நினைத்து வைத்தார் என்று கேட்க வேண்டும். அதற்கு விடை தெரிந்தபின் கழற்றினால் அது பொறியியல். விடை தெரியாமல் கழற்றினால், நோயை விட்டுவிட்டு வெப்பமானியை உடைப்பதற்கு அது சமம்.