கம்பெனி மாறினால் கடைசி ஆள்! அமெரிக்க விமானிகளின் வரிசைக் கணக்கு

அவருக்கு வயது 42. தலையில் தொப்பி. தோளில் நான்கு பட்டை. ஒரு பெரிய ஆகாய விமானத்துக்கு அவர் கேப்டன்.

ஐக்கிய அமெரிக்காவில், ஒரே கம்பெனியில், பத்து வருடமாக வேலை செய்கிறார். நூற்றுக்கணக்கான பிரயாணிகளின் உயிர் அவர் கையில்.

இப்படி ஒருவர் நாளைக்கே வேறொரு பெரிய விமானக் கம்பெனிக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவருக்கு என்ன இடம் கிடைக்கும்?

கேப்டன் இடமா? இல்லை.

நடுத்தரமான ஓர் இடமா? அதுவும் இல்லை.

கடைசி இடம்!

போன மாதம் சேர்ந்த 26 வயது இளைஞனுக்கும் கீழே அவர் பெயர் எழுதப்படும். அவர் துணை விமானி ஆகிவிடுவார். தோளில் ஒரு பட்டை குறைந்துவிடும். சம்பளமும் முதல் வருடச் சம்பளம்தான்.

அவர் என்ன தப்பு செய்தார்? ஒரு தப்பும் செய்யவில்லை. அமெரிக்க விமானிகளின் உலகத்தில் சட்டதிட்டம் அப்படி.

ரேஷன் கடை வரிசை

டெல்டா, யுனைடெட், அமெரிக்கன், சவுத்வெஸ்ட். இந்த நான்கும் அந்த நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனிகள். ஒவ்வொன்றிலும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட விமானிகள் இருக்கிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் உண்டு. முதலில் சேர்ந்தவர் மேலே. பிறகு சேர்ந்தவர் கீழே. இதற்கு "சீனியாரிட்டி" என்று பெயர்.

நம் ஊர் ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் பாதி வரிசை நகர்ந்துவிட்டீர்கள். பக்கத்துத் தெருக் கடையில் நல்ல அரிசி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே ஓடுகிறீர்கள். அங்கே உங்களை நடுவில் நிற்க விடுவார்களா? கடைசியில்தான் நிற்க வேண்டும். விட்டுவந்த இடமும் போய்விடும்.

விமானியின் கதையும் இதுதான். பழைய கம்பெனியின் வரிசை எண்ணைப் புதிய கம்பெனிக்குக் கொண்டுபோக முடியாது.

எண் என்ன செய்யும்?

எண்தானே, போனால் போகட்டும் என்று நினைக்கலாம். அப்படி விட்டுவிட முடியாது. அந்த எண்தான் விமானியின் வாழ்க்கையை நடத்துகிறது.

எந்த ஊரிலிருந்து விமானம் ஓட்டுவது? எண்ணைக் கேள்.

சின்ன விமானமா, கடல் கடக்கும் பெரிய விமானமா? எண்ணைக் கேள்.

கேப்டனா, துணை விமானியா? எண்ணைக் கேள்.

கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இருக்கலாமா? அதற்கும் எண்ணைத்தான் கேட்க வேண்டும்.

மாதந்தோறும் ஒவ்வொரு விமானியும் தனக்கு எந்த நாட்களில் வேலை வேண்டும், எந்த நாட்களில் ஓய்வு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறார். மேலே இருப்பவரின் விருப்பம் முதலில் நிறைவேறும். பிறகு அடுத்தவர். கடைசி ஆளுக்கு மிச்சம் மீதிதான்!

கீழே இருப்பவர்கள் பலர் "காத்திருப்பு" வேலையில் இருப்பார்கள். எந்த நேரமும் டெலிபோன் மணி அடிக்கலாம். அடித்தால் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். மகளின் பிறந்த நாளா? மகனின் பள்ளிக்கூட விழாவா? மணி அடித்தால் போய்த்தான் ஆக வேண்டும்.

ஊர் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்

புதியவர்களுக்குப் பெரும்பாலும் நியூயார்க் போன்ற ஊர்களே கிடைக்கின்றன. அங்கே வீட்டு வாடகை அதிகம். ஆகவே மூத்தவர்கள் பலர் அந்த ஊரை விரும்புவதில்லை.

குடும்பம் வேறு ஊரில் இருந்தால் என்ன செய்வது? விமானி தன் ஊரிலிருந்து, வேறொருவர் ஓட்டும் விமானத்தில் ஏறி, வேலை செய்யும் ஊருக்குப் போகிறார். அங்கே பல விமானிகள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருப்பார்கள். ஓர் அறையில் அடுக்குக் கட்டில்கள். அதில் ஒரு கட்டில் இவருக்கு.

போகும் நேரமும் வரும் நேரமும் பெரும்பாலும் வேலைக் கணக்கில் சேராது. அது வீட்டாருக்குச் சேர வேண்டிய நேரம்.

ஏன் இந்த முறை?

"திறமைசாலிக்கு மதிப்பு இல்லையா? இது அநியாயம் இல்லையா?" என்று வாசகர்கள் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். ஆனால் இந்த முறை வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அமெரிக்க விமானிகள் 1931-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்தக் காலத்தில் மேலதிகாரிக்குப் பிடித்தவருக்கு நல்ல வேலை. பிடிக்காதவருக்குக் கெட்ட வேலை. புயலிலும் மூடுபனியிலும் "விமானத்தை எடு" என்பார்கள். "ஆபத்து, எடுக்கமாட்டேன்" என்று சொன்னவரின் உத்தியோகமே போகலாம்.

வரிசை எண் வந்த பிறகு, மேலதிகாரி தன் விருப்பப்படி ஒருவரை உயர்த்தவும் மற்றொருவரைத் தாழ்த்தவும் முடியவில்லை. "இன்று பறக்கக் கூடாது" என்று ஒரு விமானி தைரியமாகச் சொல்லலாம். இதில் பிரயாணிக்கும் லாபம் இருக்கிறது.

ஆனால் காவலுக்குப் போட்ட வேலியே காலையும் கட்டிவிட்டது. பிடிக்காத கம்பெனியை விட்டு விலக நினைத்தாலும் எண் விடுவதில்லை.

சம்பளம் பெரிதா?

2023-ல் டெல்டா கம்பெனி விமானிகளுக்கு ஒரு புதிய சம்பள ஒப்பந்தம் வந்தது. நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு! அதே ஆண்டில் அமெரிக்கன், யுனைடெட் கம்பெனிகளும், 2024 தொடக்கத்தில் சவுத்வெஸ்டும் சம்பளத்தை உயர்த்தின.

ஆகவே பெரிய கம்பெனிகளுக்குள் சம்பள வித்தியாசம் குறைந்துவிட்டது. பணத்துக்காக மட்டும் ஒன்றைவிட்டு மற்றொன்றுக்குத் தாவுவதில் இப்போது பெரிய லாபம் இல்லை.

வருடா வருடம் ஏறும் சம்பளம், சேர்ந்து சுமார் 12 ஆண்டுகளில் உச்சத்தைத் தொடும். பெரிய விமானத்தின் மூத்த கேப்டன் வாங்கும் மணிச் சம்பளம், முதல் வருடத் துணை விமானியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. கம்பெனி மாறுகிறவர் இந்த ஏணியின் அடிப்படிக்கு இறங்கி மறுபடியும் ஏற வேண்டும்.

அப்படியானால் விமானிகள் எதைத் தேடுகிறார்கள்?

2023-ல் நடந்த ஒரு விஷயம் இதற்குப் பதில் சொல்கிறது. யுனைடெட் கம்பெனி கேப்டன் பதவிக்கு ஆள் தேடியது. ஆனால் பல இடங்கள் நிரம்பவில்லை. தகுதி உள்ள துணை விமானிகளே "வேண்டாம்" என்று இருந்துவிட்டார்கள்!

காரணம்? துணை விமானிகளில் அவர்கள் மூத்தவர்கள். வேண்டிய நாளில் லீவு கிடைக்கும். கேப்டன் ஆனால், கேப்டன்களில் கடைசி ஆள். மறுபடியும் டெலிபோன் மணிக்குக் காத்திருக்க வேண்டும்.

கூடுதல் பணத்தையும் கேப்டன் பட்டத்தையும்விட, வீட்டில் சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

65 என்ற எல்லை

பிரயாணிகள் விமானத்தை ஓட்டுகிறவர்கள் 65 வயதில் ஓய்வு பெற வேண்டும். இது அமெரிக்கச் சட்டம். 2007 வரை 60 வயதுதான் எல்லையாக இருந்தது.

முப்பது வயதில் மாறுகிறவருக்கு இன்னும் 35 ஆண்டுகள் இருக்கின்றன. மேலே உள்ளவர்கள் ஓய்வு பெறப் பெற, அவர் வரிசையில் ஏறிக்கொண்டே போவார். 55 வயதில் மாறுகிறவருக்குப் பத்தே ஆண்டுகள். பாதி ஏறுவதற்குள் வீட்டுக்குப் போகும் நாள் வந்துவிடும்.

அந்த வயதை 67 ஆக்க ஒரு யோசனை வந்தது. 2023-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அதை ஏற்றது. ஆனால் 2024-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இடம்பெறவில்லை. இளைய விமானிகள் பலர் அதை ஏன் எதிர்த்தார்கள் என்பது இப்போது புரியும். மேலே உள்ளவர் நகராவிட்டால், கீழே உள்ளவரும் நகர முடியாது!

கம்பெனியே மூழ்கினால்?

இன்னொரு பயமும் உண்டு. ஆட்குறைப்பு வந்தால் கடைசி ஆள்தான் முதலில் வெளியே போவார்.

2020-ல் கொரோனா வந்தது. அக்டோபர் முதல் தேதி அமெரிக்கன் கம்பெனி, விமானிகள் உள்பட சுமார் 19,000 ஊழியர்களைத் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பியது. பிறகு அரசாங்க உதவி கிடைத்ததும் திரும்ப அழைத்தது.

சில சமயம் கப்பலே மூழ்கிவிடும். உலகப் புகழ் பெற்ற பான் அமெரிக்கன் கம்பெனி 1991 டிசம்பரில் மூடப்பட்டது. அங்கே முதல் எண்ணில் இருந்தவருக்கும் அன்றோடு அந்த எண் வெறும் எண் ஆகிவிட்டது.

2001-ல் டி.டபிள்யூ.ஏ. கம்பெனியை அமெரிக்கன் வாங்கியது. டி.டபிள்யூ.ஏ. விமானிகளில் ஏராளமானவர்கள் புதிய பட்டியலின் அடியில் சேர்க்கப்பட்டார்கள். பல வருட அனுபவம் உள்ளவர்கள் அவர்கள். அதே ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஆட்குறைப்பு வந்தபோது, அவர்களே முதலில் வேலை இழந்தார்கள். இந்தக் கசப்புக்குப் பிறகு 2007-ல் ஒரு சட்டம் வந்தது. இரண்டு கம்பெனிகள் இணைந்தால் வரிசையையும் நியாயமாக இணைக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம்.

ஆனால் தானாக விலகிப் போகிறவருக்கு அந்தச் சட்டம் துணை வராது.

சேரும் நேரமும் முக்கியம். 2022-லும் 2023-லும் பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தன. அப்போது முன்னால் சேர்ந்தவருக்குக் கீழே மளமளவென்று ஆட்கள் வந்தார்கள். 2024-ல் வேகம் குறைந்தது. சவுத்வெஸ்ட் புதிய ஆள் எடுப்பதையே நிறுத்தியது. கடைசியாகச் சேர்ந்தவர் கடைசியிலேயே நின்றார்.

மூன்று கேள்விகள்

கம்பெனி மாற நினைக்கும் விமானி மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

65 வயதுக்கு இன்னும் எத்தனை வருடம்?

குடும்பம் இருக்கும் ஊரிலேயே வேலை கிடைக்குமா?

இப்போது இருக்கும் கம்பெனி நிலைத்து நிற்குமா?

வயது குறைவு, புதிய வேலை சொந்த ஊரில், பழைய கம்பெனி ஆட்டம் காண்கிறது என்றால் தயங்காமல் மாறலாம். வரிசையின் அடியிலிருந்து ஏறினாலும், வீட்டு வாசலிலிருந்து ஏறுகிறார்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, இருக்கும் கம்பெனி பலமாக நிற்கிறது என்றால், கொஞ்சம் கூடுதல் சம்பளத்துக்காக மாறுவது நஷ்டம்தான்.

இந்தக் கணக்கைப் போடும்போது விமானி தனியாக உட்காரக் கூடாது. மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்க வேண்டும். வரிசை எண் விமானியின் பெயரில் இருந்தாலும், கிறிஸ்துமஸ் அன்று வாசலைப் பார்த்துக் காத்திருப்பவர்கள் அவர்கள்தானே!