பித்தப்பைக் கல்லும் பருத்த உடலும்

சாப்பிட்டுச் சற்று நேரத்தில் வலது விலாவின் கீழ் இறுக்கிப் பிடிக்கும் வலி. அது முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறும். சத்தியும் வரும். வாய்வு என்று நினைத்து இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போகும் சகோதரிகள் பலர். அது பித்தப்பைக் கல்லாகவும் இருக்கலாம். ஒரு ஸ்கானில் இதை அறியலாம்.

பெண்களுக்கும், 40 வயதைத் தாண்டியவர்களுக்கும், உடல் பருத்தவர்களுக்கும் கல் உண்டாகும் வாய்ப்பு அதிகம். பட்டினி கிடந்து வேகமாக மெலிந்தாலும் கல் உண்டாகலாம். வலி தராத கல்லுக்குப் பெரும்பாலும் சத்திரசிகிச்சை தேவையில்லை. வலி தந்தால் பித்தப்பையை அகற்றுவதே நிலையான சிகிச்சை.

"நான் பருமன், எனக்குச் சத்திரசிகிச்சை செய்யமாட்டார்கள்" என்று சிலர் ஒதுங்கியே இருக்கிறார்கள். இது தவறு. 1985இல் ஜேர்மனியில் எரிக் மூஹே என்ற நிபுணர் சிறுதுளை மூலம் பித்தப்பையை அகற்றினார். தொடக்கத்தில் பருத்தவர்களுக்கு இம்முறையைக் கையாளத் தயங்கினார்கள். இன்று அவர்களுக்கும் இதுவே விரும்பப்படுகிறது. பருத்த வயிற்றில் பெரிய வெட்டுக்காயம் சீழ் பிடிக்கவும், பின்னர் அவ்விடத்தில் குடல் பிதுங்கவும் கூடும். சிறு துளைகளில் இவை குறைவு.

வழமையாக நான்கு துளைகள் இடுவார்கள். வாயு செலுத்தி வயிற்றை உப்பவைத்து, சிறு கமெராவின் உதவியுடன் பித்தப்பையை எடுப்பார்கள். அநேகர் ஓரிரு நாட்களில் வீடு திரும்பலாம். ஓரிரு வாரங்களில் இலேசான வேலைகளைச் செய்யலாம். பாரம் தூக்குவதற்கு வைத்தியரைக் கேளுங்கள். கொழுப்பு மிகுந்த உடலில் வேலை கடினமாகி, நடுவில் பெரிய வெட்டுக்கு மாறவும் நேரலாம். அது உங்கள் பாதுகாப்புக்காகவே.

வைத்தியரிடம் எதையும் மறைக்காதீர்கள். நீரிழிவு, பிரஷர், நித்திரையில் பலத்த குறட்டை, பாவிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். முன்பு வயிற்றுக் காயத்துக்குச் சத்திரசிகிச்சை செய்திருந்தால் உள்ளே குடல் ஒட்டியிருக்கலாம். உடலில் ஷெல் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பின் வைத்தியர் சொன்னவுடன் எழுந்து நடவுங்கள். காலில் இரத்தம் கட்டியாகாமல் இருக்க அது உதவும்.

நடுக்கத்துடன் காய்ச்சல், கண் மஞ்சளாதல், மணிக்கணக்கில் விடாத வலி இருந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் இது பொருந்தும். உங்களை நம்பி வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். உடம்பு பருத்ததென்ற வெட்கம் உங்களைத் தடுக்க வேண்டாம்.