சொத்து வாரிசுக்கு, நாற்காலி திறமைக்கு

குடும்பத் தொழில் மூன்றாம் தலைமுறையில் சரிந்தே தீரும் என்பது விதியல்ல. பொறுமையான முதலீடு அதைக் காக்கும். இத்தாலியின் ஆல்பா நகரில் 1946இல் நிறுவனம் தொடங்கிய பியத்ரோ ஃபெரேரோ, போருக்குப் பிந்தைய கொக்கோ தட்டுப்பாட்டை உள்ளூரில் விளைந்த ஹேசல்நட் கொட்டையைக் கொண்டு சமாளித்தார். மகன் மிக்கேலே அந்தக் கலவையை மெருகேற்றி 1964இல் நுட்டெல்லாவாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். பங்குச்சந்தைக்குப் போகாத நிறுவனத்துக்குக் காலாண்டு லாபக் கணக்கின் நெருக்கடி இல்லை. ஒரு பண்டத்தை ஆண்டுக்கணக்கில் செம்மைப்படுத்த அந்தச் சுதந்திரம் உதவும்.

வாரிசாகப் பிறப்பதே தகுதியாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் ஃபெரேரோவிடமே பதில் இருக்கிறது. பேரன் ஜொவான்னி 2017இல் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பைக் குடும்பத்தைச் சேராத லாப்போ சிவிலெத்தியிடம் ஒப்படைத்தார். உரிமை குடும்பத்திடமே நீடித்தது. தலைமுறை தாண்டி நிலைக்க விரும்பும் எந்தக் குடும்ப நிறுவனத்துக்கும் இந்தத் துணிவு வேண்டும்.