அன்னையின் கைகள்

பிறந்த தேசத்தை விட்டுப் போய்ப் பெயரையும் மாற்றிக்கொண்ட ஒருவனைக் கண்டால், "வேரையே மறந்தவன்" என்று சுலபமாகத் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அர்ஷைல் கார்க்கி என்னும் சித்திரக்காரரின் வரலாற்றை அறிந்த பின் அவ்விதம் கூற நமக்கு நா எழவில்லை.

ஆட்டோமன் சாம்ராஜ்யத்தில், வான் ஏரிக்கருகே ஓர் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இயற்பெயர் வோஸ்தானிக் அதோயன். 1915-ல் ஆர்மீனியரைக் கொன்று குவித்த கொடுமைக்குத் தப்பித் தாயுடன் யெரவான் நகரை அடைந்தார். 1919-ல் தாயார் பட்டினியால் மாண்டார். மறு வருஷம் பிள்ளை அமெரிக்கா சேர்ந்தார். அங்கே புதுப் பெயர் பூண்டு, ருஷிய ஆசிரியர் மாக்ஸிம் கார்க்கிக்கு உறவினர் என்றுகூடச் சொல்லிக்கொண்டார். ஸெஸான், பிக்காஸோ ஆகியோரின் பாணிகளையும் பயின்றார்.

ஆனால் அவரிடம் 1912-ல் எடுத்த புகைப்படம் ஒன்று இருந்தது. தாயார் அமர்ந்திருக்கிறார், அருகே கையில் மலருடன் மகன். அமெரிக்காவிலிருந்த தந்தைக்கு அனுப்புவதற்காக எடுத்த படம் அது. அதைப் பார்த்து, 1926 முதல் பத்து வருஷங்களுக்கு மேல் 'கலைஞனும் அவன் தாயும்' என்று இரண்டு சித்திரங்களைத் தீட்டினார். தாயின் முகம் தெளிவாக இருக்கிறது. கைகளோ விரல்களின்றி வர்ணத்தில் கரைந்து நிற்கின்றன. 1944-ல் வரைந்த வேறொரு சித்திரத்துக்குத் தாயாரின் பூவேலை செய்த ஆடையைக் குறித்தே பெயர் சூட்டினார். 1948-ல் காலமானார்.

ஊரார்க்கு ஒரு பெயர் சொன்னவர், தனியறையில் பெற்றவளைப் பிரியவே இல்லை. கடல் கடந்த பிள்ளைகளைக் குறைகூறுமுன் இதைச் சற்றே நினைப்போமாக.