கடலோரக் கூடாரமும் கடக்கக்கூடாத எல்லையும்



நம் வாலிபர் ஐக்கியத்தார் இவ்வாண்டின் கோடைமுகாமைக் குறித்து ஒரு விண்ணப்பத்தை முன்வைத்திருக்கிறார்கள். வழக்கம்போல் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் மின்விசிறிகளின் கீழ் மூன்று நாள் அமர்ந்திருப்பதற்குப் பதிலாக, மன்னார் வளைகுடாக் கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்கி வேதத்தைத் தியானிக்கவேண்டும் என்பது அவர்களுடைய வாஞ்சை. அவர்களுள் சிலருக்கு அதற்கும் மேலான ஓர் ஆசை உண்டு. படகேறிச் சென்று அங்குள்ள தீவுகளுள் ஒன்றில் ஓர் இரவைக் கழிக்கவேண்டுமாம். இதைப்பற்றிப் பெரியவர்களிடையே இருவிதப் பேச்சு எழுந்திருக்கிறது. ஜெபிக்கக் கடலுக்குப் போகவேண்டுமா, காவிரிக்கரையில் ஆண்டவர் இல்லையா என்பது ஒரு சாராரின் கேள்வி. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், போய்வரட்டும், இதில் ஆராய என்ன இருக்கிறது என்பது மறு சாராரின் எண்ணம். இவ்விரண்டில் எதுவும் போதாது என்று கருதுகிறேன். அவர்கள் போகவேண்டும். ஆனால் தீவில் தங்கக்கூடாது. இரண்டுக்குமே காரணம் வேதத்தில் இருக்கிறது.

முதலாவது, கூடாரத்தைப்பற்றிச் சொல்லுகிறேன். லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் இஸ்ரவேலருக்குக் கூடாரப்பண்டிகையை நியமித்தார். அந்தப் பண்டிகை வந்த காலத்தைக் கவனியுங்கள். நிலத்தின் பலன் களஞ்சியம் சேர்ந்து, வீட்டில் நிறைவும் மனதில் நிம்மதியும் உண்டான காலம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் ஏழு நாள் வீட்டை விட்டு வெளியே வந்து, தழைகளால் வேய்ந்த கூடாரத்தில் குடியிருக்கும்படி அவர்களுக்குக் கட்டளையாயிற்று. முற்பிதாக்கள் வனாந்தரத்தில் நிலையான வீடின்றி வாழ்ந்ததைப் பிள்ளைகள் மறந்துவிடக்கூடாது என்பதே அதன் நோக்கம். நல்ல வீடுகளைக் கட்டிக் குடியேறியபின் மனிதனுடைய இருதயம் மேட்டிமை கொள்ளும் ஆபத்தை உபாகமம் 8-ஆம் அதிகாரமும் எச்சரிக்கிறது.

ஜேடர்பாளையத்தில் வாழும் நமக்கு இந்த எச்சரிக்கை அந்நியமானதன்று. அணைக்கட்டிலிருந்து இராஜ வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் கரும்பும் அதனால் செழிக்கின்றன. சுற்றுவட்டார ஆலைகளில் வெல்லம் காய்ச்சும் மணம் வீசுகிறது. தண்ணீருக்காக வானத்தை அண்ணாந்து பார்த்துத் தவித்த அனுபவம் நம் பிள்ளைகளில் அநேகருக்கு இல்லை. கடலோரத்தில் மூன்று நாள் தங்கட்டும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்க ஒரு துளி இல்லாத நிலத்தில், மணலில் ஊற்றுத் தோண்டி நன்னீர் இறைக்கும் மக்களை அவர்கள் பார்க்கட்டும். ஒரு குடம் தண்ணீரில் ஒரு நாளை நடத்தப் பழகட்டும். குழாயைத் திறந்தவுடன் வரும் தண்ணீருக்கும் ஸ்தோத்திரம் சொல்லவேண்டும் என்பதை எந்தப் பிரசங்கத்தைக் காட்டிலும் அது தெளிவாகக் கற்பிக்கும். ஆகவே முகாம் கூடாரத்திலேயே நடக்கட்டும் என்கிறேன். குளிர்சாதன விடுதி எடுத்துக் கொடுத்தால் அது சுற்றுலாவாகுமேயன்றி முகாமாகாது.

இரண்டாவது, அவர்கள் போக விரும்பும் இடத்தை அறிந்துகொள்வோம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்திருந்தன. இத்தீவுகளையும் சூழ்ந்துள்ள ஆழமற்ற கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986-ஆம் ஆண்டில் அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-இல் இவ்வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளும், கடற்பசுக்கள் மேயும் கடற்புல் வெளிகளும் உள்ளன. அமைந்திருந்தன என்று இறந்தகாலத்தில் எழுதியது தற்செயலன்று. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. பல்லாண்டுகளாகச் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் தீவுகளைக் காத்துநின்ற அரண் தகர்ந்தது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் தேய்ந்து சுருங்கியது. அலையின் வேகத்தைத் தணிக்க அதன் அருகே செயற்கைப் பாறை அமைப்புகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. பவளப்பாறை பார்வைக்குக் கல்லாகத் தோன்றினாலும் உயிருள்ளது. 2010-இலும் 2016-இலும் கடல்நீர் சூடேறியபோது அது வெளிறி, பல இடங்களில் மடிந்தது. கவனமற்ற ஒரு கால்மிதி போதும், பல ஆண்டுகளின் வளர்ச்சி நொறுங்கிப்போகும்.

இக்காரணங்களினால்தான் அந்தத் தீவுகளில் பொதுமக்கள் இரவு தங்க அனுமதிக்கப்படுவதில்லை. “யாராவது ஒரு படகுக்காரரைப் பிடித்தால் போய்விடலாம், ஐயா, அங்கே பார்க்க யார் இருக்கிறார்கள்?” என்று ஒரு தம்பி கேட்டார். கேள்வி எளியது. ஆனால் விசுவாச வாழ்க்கை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில் நாம் எப்படி நடந்துகொள்ளுகிறோம் என்பதல்லவா நம் பக்தியின் அளவுகோல்? யோசேப்பின் சோதனை பார்ப்பார் ஒருவரும் இல்லாத வீட்டுக்குள்தான் வந்தது. முகாமுக்குப் போகிற வழியிலேயே சட்டத்தை மீறிவிட்டு, கூடாரத்தில் அமர்ந்து கீழ்ப்படிதலைக்குறித்து வேதபாடம் நடத்துவது எப்படிப் பொருந்தும்?

வேறு சிலர் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துக்காட்டுகிறார்கள். பூமியை ஆண்டுகொள்ளும் அதிகாரத்தைத் தேவன் மனிதனுக்குக் கொடுத்திருக்க, வனத்துறை யார் நம்மைத் தடுக்க என்கிறார்கள். அவர்கள் இரண்டாம் அதிகாரத்தையும் வாசிக்கவேண்டும். ஏதேன் தோட்டத்தில் மனிதன் வைக்கப்பட்டது அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவுமே. அந்தத் தோட்டத்திலும் கைவைக்கக்கூடாத ஒரு மரம் இருந்தது. எல்லையே இல்லாத ஆளுகையை வேதம் எவருக்கும் வழங்கவில்லை. உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய கட்டளை உண்டு. வழியில் ஒரு குருவிக்கூட்டைக் கண்டால் குஞ்சுகளோடு தாய்ப்பறவையையும் சேர்த்துப் பிடிக்கக்கூடாது, தாயைப் போகவிடவேண்டும். இன்றைக்குக் கிடைப்பதைக்கொண்டு நாளைக்கு இருப்பதையும் அழித்துவிடாதே என்பதே அதன் உட்பொருள். அதற்குக் கர்த்தர் வாக்களிக்கும் பலன் நன்மையும் நீடித்த நாட்களும் ஆகும்.

நம் பிள்ளைகள் போக எண்ணும் மே மாதத்தில் அந்தக் கட்டளையின் சாயலை அவர்கள் கண்கூடாகக் காண்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. மீன்கள் இனம்பெருகும் காலம் என்பதால் விதிக்கப்பட்ட தடை அது. துறைமுகங்களில் படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும். வலைகளைச் செப்பனிடும் மனிதரை அங்கே காணலாம். நிலத்துக்கு ஏழாம் ஆண்டில் ஓய்வு கொடுக்கும்படி லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. கடலுக்கு ஆண்டுதோறும் ஓர் ஓய்வு கிடைக்கிறது என்று இதைப் பார்க்கலாம். இன்னொன்றும் உண்டு. தை முதல் பங்குனி வரை கரையேறி மணலில் முட்டையிடும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள், ஏறத்தாழ 45 முதல் 60 நாளில் பொரித்து இரவில் வெளிவருகின்றன. கடலின்மேல் தெரியும் மங்கிய வெளிச்சமே அவற்றுக்கு வழிகாட்டி. கரையில் விளக்கும் தீமூட்டமும் பிரகாசித்தால் அவை திசைமாறி நிலத்தை நோக்கி ஊர்ந்து மடியும். நம்முடைய ‘கேம்ப் ஃபயர்’ ஒரு சிற்றுயிரைத் தவறான வழியில் இழுக்கக்கூடும் என்பதை நினைக்கும்போது, நம் வெளிச்சம் எங்கே பிரகாசிக்கிறது என்பதையும் நாம் சிந்திக்கவேண்டியதாகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பை மறைக்காமல் சொல்லவேண்டும். எல்லைகளை வகுப்பது எளிது, அதன் விலையைச் செலுத்துகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள். தேசியப் பூங்கா உண்டாவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அந்தத் தீவுகளின் ஓரங்களில் கடற்பாசி சேகரித்துப் பிழைத்த பெண்கள் இருக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கூரிய பாறைகளுக்கிடையே மூழ்கிப் பாசியைப் பறிப்பது அவர்கள் தொழில். புதிய எல்லை அவர்களுடைய அன்றாட அப்பத்தின்மேல் விழுந்தது. ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, மீன்கள் இனம்பெருகும் பருவத்தில் அறவே நிறுத்திவிடுவது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு வகுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய லட்சுமி மூர்த்தி என்னும் பாம்பன் பகுதிப் பெண்மணிக்கு 2015-இல் சீகாலஜி என்னும் அமெரிக்க அமைப்பு விருது வழங்கியது. பிழைப்புக்காகக் கடலில் இறங்கும் பெண்கள் மாதத்தில் பாதிக்கும் மேற்பட்ட நாள்களை விட்டுக்கொடுக்கிறார்கள். ஓர் இரவின் மகிழ்ச்சிக்காகப் போகிற நாம், அந்த ஓர் இரவை விட்டுக்கொடுக்க மாட்டோமா? காணிக்கைப்பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையை இயேசு ஏன் சுட்டிக்காட்டினார் என்பது இப்படிப்பட்ட இடங்களில்தான் விளங்குகிறது.

மூன்றாவதாக, நம் சொந்த ஊரைப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆடிப்பெருக்கன்றும் எத்தனை வெளியூர் மக்கள் நம் அணைக்கட்டுக்கு வருகிறார்கள்! குளிக்கிறார்கள், மீன் வறுவல் உண்கிறார்கள், குழந்தைகளைப் பூங்காவில் விளையாட விடுகிறார்கள். அது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவர்கள் போனபின் கரையில் கிடக்கும் பாட்டில்களையும் தட்டுகளையும் உடைந்த கண்ணாடியையும் பார்த்து நாம் மனம் நொந்ததில்லையா? விருந்தினராய் வந்தவர்கள் இப்படிச் செய்யலாமா என்று நாம் பேசிக்கொண்டதில்லையா? பிறர் நமக்கு எதைச் செய்ய விரும்புகிறோமோ அதையே நாம் அவர்களுக்குச் செய்யவேண்டும் என்ற ஆண்டவருடைய போதனை, கடற்கரைக்குப் போகும்போது நமக்கு நேராகத் திரும்புகிறது. அங்கே நாம்தான் வெளியூர்க்காரர்.

மேலும், நம் அணையைத் தாண்டிச் செல்லும் காவிரி, டெல்டாவில் பல கிளைகளாகப் பிரிகிறது. அதன் தென்கிளைகள் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் வழியே கடலில் சேருகின்றன. அதையடுத்த பாக் விரிகுடாவில்தான் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் கடற்பசுவுக்கென ஏற்பட்ட முதல் பாதுகாப்பகம் அதுவே. ஆகவே ஜேடர்பாளையத்துப் படித்துறையில் நாம் எறியும் பிளாஸ்டிக் பை கடலுக்கு அந்நியமன்று. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்திருக்கிறது. நம் சபை விருந்துகளில் அது முழுவதும் ஒழிந்துவிட்டதா என்று ஒவ்வொரு குடும்பமும் ஆராய்ந்து பார்க்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் அச்சம் நியாயமானதே. நம் பிள்ளைகள் ஆற்றில் நீந்திப் பழகியவர்கள். அதனாலேயே கடலையும் அறிந்ததாக எண்ணிவிடுவார்கள். ஆற்றின் சுழல் வேறு, கடலின் இழுப்பு வேறு. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியபோது ஓர் இரயிலே பயணிகளோடு மூழ்கிப்போயிற்று. இடிந்த ஆலயத்தின் சுவர்கள் அங்கே இன்றும் நிற்கின்றன. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமை, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரை ஆழிப்பேரலை வாரிச்சென்றது. கடலுக்குப் பயப்படுவது அவிசுவாசமன்று. ஆகையால் உள்ளூர் மீனவர் குளிக்கலாம் என்று சொன்ன இடத்தில் மட்டும், சொன்ன நேரத்தில் மட்டும் இறங்கவேண்டும். வானிலை எச்சரிக்கை வந்தால் முகாம் அன்றே கலையவேண்டும்.

இவற்றையெல்லாம் எண்ணி, வாலிபர் ஐக்கியத்தாருக்கு என் ஆலோசனையைச் சொல்லுகிறேன். கரையோரச் சிற்றூர் ஆலயம் ஒன்றின் வளாகத்தில், அந்தச் சபையாரின் சம்மதத்தோடு கூடாரம் அடியுங்கள். தீவுகளைக் கரையிலிருந்தே பாருங்கள். வனத்துறை அனுமதிக்கும் படகுப் பயணம் இருந்தால் பகலில் சென்று திரும்புங்கள். ஒலிபெருக்கி வேண்டாம், பாட உங்களுக்குக் குரல் இருக்கிறது. மணலில் இரவுத்தீ வேண்டாம். கொண்டுபோன குப்பையை ஜேடர்பாளையத்துக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரு மாலைப்பொழுதை அங்குள்ள மீனவக் குடும்பங்களோடு செலவிடுங்கள். அவர்களுக்குப் போதிக்கப் போகாதீர்கள், அவர்களிடம் கற்றுக்கொள்ளப் போங்கள்.

யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த ஆண்டவர் விடியற்காலையில் கரையிலே நிற்கிறார். இரவெல்லாம் பாடுபட்டும் ஒன்றும் அகப்படாத சீஷருக்காக அவர் கரியடுப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் பண்ணியிருந்தார். நம் பிள்ளைகள் கடற்கரைக்குப் போவது அவரைச் சந்திக்கத்தான் என்றால், தீவுக்குள் போகாததால் அவர்கள் ஒன்றையும் இழக்கமாட்டார்கள். அவர் கரையில்தான் நின்றார்.

ஜெபிப்போம். சமுத்திரத்துக்கு எல்லையைக் குறித்த எங்கள் பிதாவே, எங்களுக்கும் எல்லைகளைக் கற்றுத்தாரும். நீர் கொடுத்ததை அனுபவிக்கும் மகிழ்ச்சியையும், நீர் காக்கச் சொன்னதைக் காக்கும் உண்மையையும் எங்கள் பிள்ளைகளுக்குத் தந்தருளும். கடலையே நம்பி வாழும் எளியவர்களை ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.