கும்பிடுபூச்சிக்குக் கண்ணு போனா தூக்கிப் போட்டுடணுமா?

"கண்ணு தெரியாத பூச்சியை வச்சு என்னடா பண்ணப் போற? தோட்டத்துல விட்டுடு, இயற்கை பாத்துக்கும்."

போன வாரம் ரூம்மேட் சொன்னது. கேக்கறதுக்குக் கருணை மாதிரி இருக்கும். சுத்த ஏமாத்து வேலை மக்களே.

கும்பிடுபூச்சி வேட்டையாடறதே கண்ணை நம்பித்தான். அதுக்கு முப்பரிமாணப் பார்வை உண்டுன்னு 2016ல நியூகாசில் பல்கலைக்கழகத்துல குட்டியூண்டு கண்ணாடி மாட்டி, சினிமா காட்டியே நிரூபிச்சாங்க. அந்தக் கண்ணு போனப்புறம் தோட்டத்துல கிடைக்கிறது சுதந்திரம் இல்லை சாமி, பட்டினி. இல்லாட்டி எறும்பு.

அதுவும் கண்ணு போனது விதியால இல்லை, என்னால. பிளாஸ்டிக் டப்பாவுல அடைச்சு வச்சேன். சுவர் இருக்கறது அதுக்குப் புரியலை. வெளிய போகப் பாத்து உரசி உரசி ரெண்டு கண்ணுலயும் பழுப்புத் தழும்பு. (நாம பாக்குற பக்கமெல்லாம் நகர்ற கறுப்புப் புள்ளி வேற, அது நோய் இல்லை.) குஞ்சா இருந்தா அடுத்த தோலுரிப்புல கொஞ்சம் தேறலாம். இதுக்கு இறக்கை வந்தாச்சு, இனிமே தோல் உரிக்காது.

சரி, பாத்துக்கறது அப்படி என்ன கஷ்டம்? வலைக்கூண்டு, ஏறி நிக்க ரெண்டு குச்சி. புழுவை இடுக்கியில பிடிச்சு வாயில தொட்டா, ருசி தெரிஞ்சதும் வாங்கிக்குது. தண்ணி தெளிச்சா குடிக்குது. அஞ்சு நிமிஷ வேலை.

வளர்ந்த பூச்சிக்கு ஆயுசே சில மாசம்தான். அதுக்கும் பொறுமை இல்லாதவங்க வளர்க்கவே ஆசைப்படாதீங்க. கெடுத்தது நாம, கணக்கை மட்டும் இயற்கை பேர்ல எழுதறது என்னங்க நியாயம்?

டிஸ்கி: ரூம்மேட் இப்ப இடுக்கி பிடிக்கக் கத்துக்கிட்டான்.